ஐயரம்மாவுக்கு ஒரு பக்கம் போதுமா?

அன்புள்ள ஐயா,

என் அப்பா நெல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைச் சேகரங்களில் ஐயராக, அதாவது போதகராக, இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா நர்ஸ். அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் மூன்று தடவை ஆஸ்பத்திரி வேலையை விட்டவர். இந்த வருடம் அவர்களுக்குத் திருமணமாகி 50 வருடம். ஸ்தோத்திர ஆராதனையில் கொடுக்க ஒரு சிறு புத்தகம் தயாரிக்கிறேன். அப்பா கட்டிய ஆலயங்கள், இருவரும் இங்கிலாந்து, மலேசியா சபைகளுக்குப் போய்வந்தது எல்லாம் தேதியோடு இருக்கிறது. அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்தான் தேறியது. வெளிநாட்டுப் பயணத்தைப் போட்டால் பெருமையடிப்பதாகப் பேசுவார்களோ, எடுத்துவிடலாமா? இங்கிலாந்தில் அப்பா பிரசங்கம் செய்தார். இங்கிலீஷில் பேசக் கூச்சப்படும் அம்மா, சபையார் ஒருவர் வீட்டில் படுக்கையாய்க் கிடந்த பாட்டியைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, தலைவாரி விட்டாராம். அவ்வளவுதான்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்காதீர்கள். அவ்வளவுதான் என்று முடித்துவிட்டீர்களே, அந்தப் பாட்டி வீட்டிலிருந்து புத்தகத்தைத் தொடங்குங்கள்.

நான் வளர்ந்தது நாசரேத் பக்கம், தேரி மண் ஊர். நாங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு ராத்திரி எனக்குத் தேள் கொட்டியபோது அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஐயர் குடியிருக்கும் குருமனைக்குத்தான். அங்கேயும் ஐயரம்மா, அதாவது ஐயரின் மனைவி, நர்ஸ். ஐயர் அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ஐயரம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்தார். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க ஊசி டப்பாவில் கிடந்து கிணுகிணுவென்று ஆடியது. "இந்தா முடிஞ்சிட்டு ராசா" என்று என் காலைப் பிடித்த அந்தக் கையின் சூடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நம் ஊரில் வேதமும் மருந்தும் ரொம்ப நாளாகவே ஒரே வீட்டில் இருந்தவை. 1870-ல் நாசரேத்தில் ஆஸ்பத்திரி தொடங்கிய ஸ்ட்ராச்சன் டாக்டரும் குரு, பிறகு ரங்கூனுக்கு பிஷப்பாகப் போனவர். அடுத்து வந்த மர்காஷிஸ் ஐயரும் வைத்தியம் பார்த்தார். ஒரே ஆள் இரண்டையும் செய்தபோது இரண்டையும் ஊழியம் என்று எழுதிவைத்தோம். புருஷனும் பெண்சாதியுமாகப் பங்கிட்டுச் செய்தால் மட்டும் பிரசங்கம் ஊழியமாம், ஊசி போட்டது ஒத்தாசையாம். இது எனக்குப் பெரிய வருத்தம். நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள், ஆனால் உங்கள் புத்தகத்திலும் அதுவே நடந்திருக்கிறது. அம்மா வேலையை விட்ட அந்த மூன்று தடவைகளையும், எந்தெந்த வருடம் என்று, ஆலயப் பிரதிஷ்டைத் தேதிகளோடு அதே பட்டியலில் போடுங்கள். அவையும் காணிக்கைதான்.

அப்புறம் வெளிநாடு. வெள்ளாளன்விளை ஐயர் மகன் அசரியா 1910-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசினார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப்பாக அவர் ஆவதற்கு இரண்டு வருடம் முன்பு அது. நீங்கள் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! அவர் கேட்ட அந்தச் சிநேகத்தை, உங்கள் அம்மா இங்கிருந்து கொண்டுபோய் அந்தப் பாட்டியின் கட்டிலருகே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இதை எழுதினால் யார் பெருமை என்று சொல்வார்கள்? சொன்னால் சொல்லட்டும்.

ஒரு சாயங்காலம் அம்மா பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். முதல் நைட் டியூட்டி எந்த வார்டில், அன்றைக்கு உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள், குருமனைக் கதவை ராத்திரியில் யார் யார் தட்டினார்கள், அந்தப் பாட்டிக்குத் தலைவாரும்போது எந்த மொழியில் பேசினார், எல்லாம் கேளுங்கள். அப்பாவையும் கூட உட்காரவையுங்கள். அவருக்கே தெரியாத ராத்திரிகள் இருக்கும்.

புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அம்மா கையெழுத்தோடு.