பிஜிலோடரில் மாற்றியதும் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக வருவது பற்றி

வணக்கம் ஐயா. பினாங்கு லெபோ பாசார் துணிக்கடையின் வாடிக்கையாளர் பட்டியலை மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு பிஜிலோடர் என்ற கருவியால் மாற்றியதும் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகிவிட்டன, சில தேதிகளும் காலி என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பழைய சர்வரை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள்.

தேதி பெரிய விஷயமில்லை. 0000-00-00 என்ற தேதியை போஸ்ட்கிரெஸ் ஏற்காது, பிஜிலோடர் அதை NULL, அதாவது காலி மதிப்பு ஆக்கிவிடும்.

பெயர்கள்தான் கவலை. பெரும்பாலும் பழைய டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துக் குறியீடு) என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே யூடிஎஃப்8 (தமிழையும் தாங்கும் குறியீடு) பைட்டுகள் கிடக்கும். மலாய்ப் பெயர்கள் தப்பியது அவை வெறும் ஆஸ்கி (சாதாரண ஆங்கில எழுத்துகள், இரண்டு குறியீட்டிலும் ஒன்றேதான்) என்பதால்தான். பழைய சர்வரில் பெயர்களை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் (HEX) ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். E0AE, E0AF என்று வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. பிஜிலோடரின் லோட் ஃபைலில் 'டிகோடிங் டேபிள் நேம்ஸ் மேட்சிங்' வரியைச் சேர்த்து, அந்த டேபிளை யூடிஎஃப்8 ஆகப் படிக்கச் சொல்லி மறுபடி ஓட்டுங்கள். வரிசையாக 3F வந்தால் அவை உண்மையான கேள்விக்குறிகள். எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, பழைய பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு இதே வேலையைச் செய்தபோது வரிசை எண்ணிக்கை சரியாக இருந்ததை நம்பி விட்டுவிட்டேன். பெயர்கள் கெட்டிருந்தது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. நீங்கள் இருபது பெயர்களையாவது கண்ணால் படித்துப் பாருங்கள். ஹெக்ஸில் என்ன வந்தது என்று இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.