கட்டிலருகே சொல்லப்படும் தீர்ப்பு

கேள்வி: என் அண்ணன் முப்பது ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தும் ஒரு ரூபாய்கூடக் கைநீட்டி வாங்காதவர், பெற்றோரைக் கடைசிவரை அவரே வைத்துப் பார்த்துக்கொண்டார். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். எங்கள் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய உறவினரோ சுகமாக இருக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ‘எந்த ஜென்மத்துப் பாவமோ’ என்கிறார்கள். அவரவர்க்கு உரியதுதான் கிடைக்கிறதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்வி வள்ளுவருக்கும் இருந்திருக்கிறது. ‘அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்’ என்கிறது 169ஆம் குறள். பொறாமைக்காரன் செழிப்பதும் நேர்மையானவன் கெடுவதும் நினைத்துப் பார்க்கப்படும் என்பதோடு குறள் நின்றுவிடுகிறது, காரணம் சொல்லவில்லை. சொன்னவர் பரிமேலழகர். நேர்மையால் கேடு வர முடியாது, ஆகவே அதற்குக் காரணமான பழவினை எதுவென்று அறிவுடையோர் ஆராய்வர் என்பது அவருடைய உரை. உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் பேச்சுக்கு நம் மரபில் இடமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

ஆனால் அதற்கு அவர் மேற்கோள் காட்டும் இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில், நொந்திருக்கும் கோவலனை மாடலன் என்னும் மறையோன் சந்திக்கிறான். மதயானையின் கையில் அகப்பட்ட முதியவரைக் கோவலன் மீட்டதையும், கீரியைக் கொன்ற பழியால் கணவன் பிரிந்துபோன பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் கழுவாய் செய்வித்ததையும், பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதத்திடமிருந்து காக்கத் தன் உயிரையே தர முன்வந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ‘இம்மைச் செய்தன யானறி நல்வினை’ என்று நிறுவிய பிறகுதான், ‘உம்மைப் பயன்கொல்’ என்று முற்பிறவியின் பக்கம் திரும்புகிறான். அங்கேயும் ‘கொல்’ என்பது ஐயச்சொல். மாடலன் தீர்ப்புச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததெல்லாம் நன்மைதானே, பிறகு ஏன் இப்படி என்று திகைக்கிறான்.

நம் ஊரில் ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில்காலில் சாய்த்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டவுடனே வினைக்கணக்கு தொடங்கிவிடுகிறது. படுத்திருப்பவருக்கு வாய் குழறுகிறதே தவிர, காது நன்றாகவே கேட்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. பக்கவாதத்துக்கு முதன்மைக் காரணம் உயர் இரத்த அழுத்தம். அது கைநீட்டியவரையும் நீட்டாதவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அடுத்து வருகிறவரிடம், அண்ணன் பெற்றோருக்குச் செய்ததை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும்படியாகவே சொல்லுங்கள்.

நில விவகாரத்தை மறுபிறவிக்குத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. மோசடியாகப் பெற்ற பத்திரத்தை ரத்து செய்யக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் கெடு என்பதால், ஒரு வழக்கறிஞரை விரைவில் பாருங்கள்.

கேள்வி: பேரிடர் வந்தால் ‘அந்த ஊர் செய்த பாவம்’ என்கிறார்களே, படித்தவர்களும் இப்படிப் பேசலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: காந்தியடிகளே பேசியிருக்கிறார், அதுவும் உங்கள் திருநெல்வேலியில். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒன்பது நாள் கழித்து, தீண்டாமைக்கு எதிரான பயணத்தில் இருந்த அவர், அது தீண்டாமை என்னும் பாவத்துக்குத் தெய்வம் தந்த தண்டனை என்றார். ‘நாம்’ செய்த பாவம் என்று தம்மையும் சேர்த்துக்கொண்டார் என்பதை மறுப்பதற்கில்லை. என்றாலும் வீடு இடிந்து செத்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்திருப்பார்களே! அவர்களுக்கு எதற்குத் தண்டனை?

தீண்டாமையை எதிர்ப்பதில் காந்தியோடு ஒத்துநின்ற தாகூர் இந்தப் பேச்சைக் கேட்டு வருந்தி, இயற்கைச் சீற்றங்களுக்கு இயற்கையே காரணம் என்று மறுப்பு எழுதினார். காந்தி அதைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். தம் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. என் வாக்கு தாகூருக்கே. அவர் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் கூர்மையாகப் படுவது ஒன்று: இந்த வாதம் காந்தியை விட அவருடைய எதிரிகளுக்கே பொருத்தமானது, நிலநடுக்கத்துக்குக் காந்தியும் அவரைச் சேர்ந்தவர்களுமே காரணம் என்று அவர்கள் சொல்லியிருந்தாலும் தாம் வியந்திருக்கப் போவதில்லை.