கேள்வி பதில்: சமையலுக்கும் ஸ்கூலுக்கும் நடுவே பின்னல்

தென்னாப்பிரிக்காவில் ஜூலை 18 மண்டேலா நாளுக்குப் போர்வை சேர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. 20 செ.மீ. சதுரம் 64 சேர்ந்தால், எட்டுக்கு எட்டாக 160 செ.மீ. போர்வை ஒன்று. டர்பன், ஜொகானஸ்பர்க், பீட்டர்மாரிட்ஸ்பர்க் முதலான ஊர்களின் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நம் பின்னல் அக்கா பதில் சொல்கிறார். எல்லாரும் டி.கே. கனத்து (நடுத்தரக் கனம்) நூலில் பின்னுவதாகவே கணக்கு.

லெனேஷியாவிலிருந்து: வேலைக்கும் போகிறேன், வீட்டில் இரண்டு வாண்டுகள். பத்து நிமிஷம் கிடைத்தால், எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதிலேயே அது போய்விடுகிறது. எனக்கு ஏற்ற வேலை எது, அக்கா?

நேரம் குறைவு என்பதைவிட, பாதியில் விட்டுப்போனால் மன்னிக்காத வேலையைக் கையில் எடுத்ததுதான் சிக்கல். பூவேலை, கேபிள் (சடைபோல முறுக்கும் டிசைன்), சார்ட் பார்த்துப் போடும் எதையும் பிள்ளைகள் ஐந்தாவது தாண்டும்வரை பரணில் போடுங்கள். எல்லா வரியும் ஒரே மாதிரி வரும் வேலையை எடுங்கள்.

இரண்டு ஊசிப் பின்னல் என்றால் மூலைச் சதுரம். 4 மி.மீ. ஊசியில் 4 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி ஒரு வரி நிட் (நேர்ப் பின்னல்). அடுத்து ஒவ்வொரு வரியும் இப்படி: 2 நிட், நூலை ஊசிமேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிக்கு ஒரு கண்ணி கூடும். பக்கம் 20 செ.மீ. தொட்டதும் குறைக்க ஆரம்பியுங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். 4 கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடலாம். எண்ண ஒன்றுமில்லை, அளவு நாடாவே சொல்லிவிடும். இறுக்கமாகப் பின்னுகிறவருக்கும் தளர்வாகப் பின்னுகிறவருக்கும் சதுரம் அதே 20 செ.மீ.தான்.

வரியின் நடுவில் விட்டுப்போனவர்கள் திரும்ப எடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அந்த ஊசி வலக்கையில் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் போவீர்கள். ஒரு பாதி இரண்டு வரி உயர்ந்து, நடுவில் ஓட்டை விழும். "எங்கே தப்பு என்றே தெரியவில்லை" என்று வரும் சதுரங்களில் பாதி இந்தக் கேஸ்தான்.

நீள ஊசிக்குப் பதில் 80 செ.மீ. வட்ட ஊசி வாங்குங்கள். எழும்போது கண்ணிகளைக் கம்பிக்குத் தள்ளிவிட்டால் குழந்தை இழுத்தாலும் சட்டென்று உருவாது.

குழந்தை தவழும் வீட்டுக்குக் குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) இன்னும் நல்லது. திறந்திருப்பது ஒரே கண்ணி. கதவு மணி அடித்தால் அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு எழுந்து போங்கள். ஊக்கைப் பூட்டாமல் போகாதீர்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: பாட்டியின் 8-ஆம் நம்பர் ஊசி இருக்கிறது. வலைத்தளத்தில் கிடைத்த டிசைனும் 8 என்கிறது. ஆனால் தொப்பி சிறிதாகிவிட்டது.

இரண்டும் வேறு 8. பாட்டியுடையது பிரிட்டிஷ் எண்: 4 மி.மீ. டிசைன் சொல்வது அமெரிக்க எண்: 5 மி.மீ. பிரிட்டிஷ் முறையில் எண் ஏற ஏற ஊசி மெலியும் (10 என்றால் 3.25 மி.மீ.); அமெரிக்க முறையில் எண் ஏற ஏறத் தடிக்கும். ஊசியின் எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். ஓட்டை போட்ட ஊசி அளவுகோல் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டோங்காட்டிலிருந்து: ஒரு போர்வைக்கு எவ்வளவு நூல் வேண்டும்?

ஒரு சதுரம் முடித்து, சமையலறைத் தராசில் வையுங்கள். 20 கிராம் இருந்தால் 64-க்கு 1,280 கிராம். இணைக்கவும் ஓரம் கட்டவும் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 1,400. ஆக 100 கிராம் உருண்டை 14, கையிருப்புக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில், லேபிளில் சாய எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம், வெயிலில் விரித்தால் இரண்டாகிவிடும்.

மிட்ராண்டிலிருந்து: யூடியூப் பார்த்துக் கற்றேன். இங்கே கடையில் வாங்கிய தாளைப் பார்த்துப் போட்டால் எல்லாம் இரண்டு மடங்கு உயரமாக வருகிறது.

நீங்கள் கற்றது அமெரிக்க முறை, தாள் பிரிட்டிஷ் முறை. தென்னாப்பிரிக்கத் தாள்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையில்தான் இருக்கும். பிரிட்டிஷ் டபுள் குரோஷா என்பது அமெரிக்கச் சிங்கிள். பிரிட்டிஷ் ட்ரெபிள் என்பது அமெரிக்க டபுள். தாளில் "சிங்கிள் குரோஷா" என்று எங்காவது கண்டால் அது அமெரிக்கத் தாள் என்று முடிவு கட்டலாம். பென்சிலால் மேலே எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மெரிபேங்கிலிருந்து: கிரானி சதுரத்தில் (நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விரியும் குரோஷா சதுரம்) ஒரு போர்வைக்கு எத்தனை உருண்டை, அக்கா?

மேலே டோங்காட் பதில். தராசு.

ரெய்ஸ்தார்ப்பிலிருந்து: 64 சதுரமும் போன வருஷமே முடிந்துவிட்டது. வால்களை (தொங்கும் நூல் நுனிகளை) உள்ளே செருகவும் சதுரங்களை இணைக்கவும் மனம் வராமல் பையிலேயே கிடக்கிறது. நறுக்கென்று முடிச்சுப் போட்டு வெட்டிவிடலாமா?

கூடாது. முதலில் கணக்கைப் பாருங்கள். சதுரத்துக்கு நாலு நிறம் என்றால், நிறத்துக்கு இரண்டு வால், சதுரத்துக்கு எட்டு. 64 சதுரத்தில் 512 வால்! மொத்தமாகச் சேர்த்து வைத்தால் யாருக்குத்தான் மனம் வரும்? அந்தந்தச் சதுரம் முடிந்த கையோடு எட்டு வாலையும் செருகிவிட வேண்டும். அடுத்த முறை சதுரம் முழுக்க ஒரே நிறத்தில் போடுங்கள், 128-தான். கடைசி வட்டத்தைப் போடும்போதே பக்கத்துச் சதுரத்தோடு கோத்துக்கொண்டே போனால் தனியாக இணைக்கும் வேலையும் கிடையாது.

பீனிக்ஸிலிருந்து ஓர் அத்தை: முடிச்சு கூடாது என்று யார் சொன்னது? நாங்கள் காலம் காலமாக மூன்று முடிச்சுப் போட்டுத்தான் வெட்டுகிறோம். ஒன்றும் அவிழவில்லை.

அத்தை, உங்கள் காலத்து முடிச்சு கம்பளியில் விழுந்தது. கம்பளி இழையில் செதில் உண்டு. அது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இப்போது எல்லார் கையிலும் இருப்பது அக்ரிலிக். வழவழப்பு. இறுக்கிய முடிச்சும் சலவை இயந்திரத்தில் சுற்றச் சுற்றத் தளரும். ஒட்ட வெட்டிய வால் முடிச்சுக்குள் நழுவினால் பிடிக்க நுனியே இராது. கிரானி சதுரத்தின் நடு வளையம் இப்படி அவிழ்ந்தால் முதல் வட்டமே பூப்போல விரிந்துவிடும்.

அதே அத்தை: அக்ரிலிக்கிலும் போட்டிருக்கிறேன். அவிழவில்லை.

சரி, சோதித்துவிடலாம். ஒரே நூலில் இரண்டு சதுரம். ஒன்றில் முடிச்சு, ஒன்றில் செருகல். இரண்டையும் பத்துத் தடவை துணியோடு இயந்திரத்தில் போட்டு, மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். அவிழாவிட்டாலும் முடிச்சு பின்பக்கம் கடலைப்பருப்புபோல உறுத்தும். போர்வைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை. போர்த்துகிறவருக்கு இரண்டும் உடம்பில் படும்.

லோடியத்திலிருந்து: இரண்டு நூலை இணைக்க, இரண்டு முடிச்சையும் எதிரெதிரே இழுத்துச் சேர்க்கும் மேஜிக் முடிச்சு போடலாமா?

அது நல்ல முடிச்சு. முறுக்கேறிய அக்ரிலிக்கில் நிற்கும், பளபளக்கும் பருத்தியிலும் மூங்கில் நூலிலும் நிற்காது. ஒரே நிறத்தில் உருண்டை மாற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றும்போது முடிச்சு சரியாக மூலையில் வந்து விழாது.

கெபெர்காவிலிருந்து: வாலை உள்ளே வைத்து அதன் மேலேயே பின்னிக்கொண்டு போகலாமே?

நெருக்கமான பின்னலில் போகலாம். கிரானியில் கொத்துக்குக் கொத்து இடைவெளி இருப்பதால், ஒரே திசையில் போன வால் நாலு சலவையில் வெளியே எட்டிப் பார்க்கும். பின்னி முடித்துக் கடைசியில் ஊசியால் ஒரு முறை திருப்பிவிடுங்கள்.

எல்லாருக்கும் சேர்த்துச் செருகும் முறை இது. வால் 15 செ.மீ. விடுங்கள்; அதற்குக் குறைந்தால் ஊசி திரும்பாது. மழுங்கிய கம்பளி ஊசியில் கோத்து, அதே நிறக் கொத்துகளின் அடியில் 5 செ.மீ. போங்கள். கடைசி இழையை மட்டும் தாண்டி வந்த வழியே திரும்புங்கள். மூன்றாம் முறை மேலே அல்லது கீழே வேறு திசையில் போங்கள். சதுரத்தை நாலு பக்கமும் இழுத்துவிட்டு அதன்பிறகு வெட்டுங்கள். இழுக்காமல் வெட்டினால் முதல் நீட்டலிலேயே நுனி உள்ளே போய்விடும்.

பீனிக்ஸ் அத்தை மறுபடியும்: இத்தனை சடங்குக்குப் புதுப் போர்வையே பின்னிவிடலாம்.

பின்னுங்கள் அத்தை, ஒரே நிறத்தில். வாத மேடையை இத்தோடு மூடுகிறேன். போகிற போக்கில் ஒரு செய்தி: 2015-இல் பிரிட்டோரியா யூனியன் கட்டட வளாகத்தில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் குரோஷா போர்வை விரித்து நம் நாட்டார் உலக சாதனை வாங்கினார்கள். அடுத்த ஆண்டே, 2016 ஜனவரியில், அதைத் தட்டிப் பறித்தது சென்னை, 11,000 சதுர மீட்டருக்கு மேல். நம்மவர்களுக்கு எந்தப் பக்கம் கைதட்டுவது என்றே தெரியவில்லை.

இசிபிங்கோவிலிருந்து ஒரு தம்பி: ஆறு வயது மகனுக்கு ஸ்கூல் குளிர்த் தொப்பி. மகளை டியூஷனில் விட்டுக் காரில் காத்திருக்கும் நேரம்தான் எனக்கு உண்டு.

காரில் போட நல்ல வேலை, தம்பி. தலைச் சுற்றளவு 52 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி தலையைப் பிடிக்க வேண்டும் என்பதால் பத்து சதவீதம் குறைத்து 47. டி.கே. நூல், 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி. 4.7 × 22 = 103; 2 நிட் 2 பர்ல் (எதிர்ப் பின்னல்) மாறிவரும் ரிப் என்ற இழுபடும் ஓரத்துக்கு நாலால் வகுபட வேண்டும், ஆகவே 104.

40 செ.மீ. வட்ட ஊசியில் ஏற்றி, கண்ணி வரிசை முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்தபின் வட்டமாகச் சேருங்கள். முறுக்கு இருந்தால் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 5 செ.மீ. ரிப், பிறகு எல்லாம் நிட். மொத்தம் 15 செ.மீ. வந்ததும் குறைத்தல்: 11 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, வட்டம் முழுக்க இப்படி எட்டு முறை. அடுத்த வட்டம் சும்மா நிட். பிறகு 10 நிட், இரண்டு சேர்த்து ஒன்று, அடுத்தது சும்மா. 56 கண்ணி வரும்வரை ஒன்றுவிட்டு ஒரு வட்டம், அதன்பின் ஒவ்வொரு வட்டமும். 16 மிஞ்சும்போது நூலை வெட்டி எல்லாவற்றிலும் கோத்து இறுக்குங்கள். குறைக்கும்போது 40 செ.மீ. ஊசி எட்டாமல் இழுக்கும். இருமுனை ஊசிக்கு மாறுங்கள். 60 கிராம் நூல் போதும். ஸ்கூல் எந்த நிறம் அனுமதிக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மிட்ராண்டிலிருந்து இன்னொருவர்: ஸ்கூல் ஜெர்சியே பின்னிவிடலாமா?

கடையில் வாங்குங்கள். நீங்கள் முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: தங்கைக்குப் பிரசவம் ஆகஸ்டில். மோஹேரில் (அங்கோரா ஆட்டு ரோம நூல்) போர்வை பின்னினால் மெத்தென்று இருக்குமா?

மோஹேர் நம் ஊர்ப் பெருமைதான். உலக உற்பத்தியில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் கிழக்குக் கேப் ஆட்டுப் பண்ணைகளில். ஆனாலும் பச்சைக்குழந்தைக்கு வேண்டாம். உதிரும் இழை மூக்கிலும் வாயிலும் போகும். இயந்திரத்தில் துவைக்கத் தக்க மெரினோ (மெல்லிய செம்மறிக் கம்பளி) எடுங்கள். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் செதில்கள் பின்னிச் சுருங்கி அட்டையாகிவிடும். பிரசவ வீட்டில் கைச்சலவைக்கு யாருக்கு நேரம்?

விரல் மாட்டும் ஓட்டை டிசைன் கூடாது. எந்தப் போர்வையும் பெரியவர் கண்பார்வையில் மடியிலோ தள்ளுவண்டியிலோ மட்டும். தூங்கும் தொட்டிலில் முதல் வருஷம் தளர்வான போர்வை போடக் கூடாது. ஹீட்டர் பக்கம் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம்: கம்பளி எளிதில் பற்றாது, அக்ரிலிக் பற்றி உருகித் தோலில் ஒட்டும்.

டோங்காட்டிலிருந்து: சதுரம் சுருண்டுகொள்கிறது. அயர்ன் போட்டேன், தொய்ந்துவிட்டது.

அக்ரிலிக் நூல் சூட்டில் இளகிச் செத்துவிட்டது, உயிர் வராது. அடுத்ததை ஈரப்படுத்தி, துண்டின் மேல் 20 செ.மீ.க்கு ஊசி குத்திக் காயவிடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: 10-ஆம் நம்பர் ஊசி என்றால்...

மில்லிமீட்டர்!

லெனேஷியாவிலிருந்து: ஏழு வயது மகளுக்கு இடக்கைப் பழக்கம். குரோஷா சொல்லித்தர முடியுமா?

பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள். உங்கள் வலக்கை அவளுக்குக் கண்ணாடிபோல இடக்கையாகத் தெரியும். 5 மி.மீ. ஊசி, வெளிர் நிறத் தடித்த நூல். கறுப்பில் கண்ணியே தெரியாது. முதல் வாரம் செயின் (சங்கிலிக் கண்ணி) மட்டும். சலிக்காமல் மீட்டர் கணக்கில் போடுவார்கள், போடட்டும். இழுப்பு ஒரே சீராக வந்தபின் அடுத்தது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: கட்டைவிரல் அடியில் வலி, இரவில் மரத்துப்போகிறது.

மரத்துப்போனால் டாக்டரிடம் போங்கள், என்னிடம் இல்லை. அதுவரை ஊசியைத் தொடாதீர்கள்.

கெபெர்காவிலிருந்து: மிஞ்சிய கம்பளியைப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். தங்கை குழந்தைக்கு அதிலேயே பின்னலாமா?

அந்துருண்டை வாசம் ஏறிய நூலைக் குழந்தைக்குப் போடாதீர்கள். அதிலுள்ள நாஃப்தலீன், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்த அணுக்களை உடைக்கும். இந்திய வம்சாவளியில் அந்தக் குறைபாடு உண்டு, பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். குழந்தைக்குப் புது நூல் வாங்குங்கள். மிஞ்சியதை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நூலில் ஈரம் கோக்கும்.