தேர்வு எழுதிய சர்ஜனுக்கு எதற்கு இன்னொரு பயிற்சியாளர்?

அமெரிக்க சர்ஜன்கள் தங்கள் சான்றிதழைத் தக்கவைக்கத் தேர்வு எழுதுகிறார்களே, சக சர்ஜன் பக்கத்தில் நின்று பயிற்சி தருவது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேர்வு அறிவை அளக்கும், கையை அளக்காது. அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்திய தேர்வை விட்டு, 2018 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை புத்தகத்தைப் பார்த்தே எழுதும் தேர்வுக்கு மாறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் தையல் போடும் விதத்தை எந்தக் கேள்வித்தாள் பார்க்கும்?

மிச்சிகனில் உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்யும் 20 பேரின் வீடியோக்களை, செய்தவர் யார் என்று தெரியாமல் சக நிபுணர்களே மதிப்பிட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: திறனில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5% பேருக்குச் சிக்கல்கள். முதல் கால்பங்கில் 5.2%. இத்தனைக்கும் எல்லோரும் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள்!

சரி, பக்கத்தில் நிற்பவர் என்னதான் சொல்வார்? பாஸ்டன் சர்ஜன் அதுல் கவாண்டே, ஓய்வுபெற்ற தன் ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனை அழைத்து, தான் ஆபரேஷன் செய்வதைப் பார்க்கச் சொன்னார். ஆஸ்டீன் கவனித்தவை சின்ன விஷயங்கள்: முழங்கை தோள் வரை உயர்கிறது, அப்படியிருந்தால் கை துல்லியமாக வராது, விளக்கின் ஒளி, வெட்டிய இடத்திலிருந்து விலகிப்போனது கவாண்டேவுக்குத் தெரியவில்லை, நோயாளி மேல் துணி விரித்த விதத்தில் உதவியாளருக்கு இடமில்லை. தன் முழங்கையைத் தானே பார்க்க முடியாதே!

ஒன்று மட்டும் முக்கியம். பயிற்சியாளரே மதிப்பெண்ணும் போட்டால் யாரும் தன் தடுமாற்றத்தைக் காட்ட மாட்டார்கள்.