மொட்டை மாடியில் ஓரியன் நெபுலா: வாசகர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் வானம் தெளிந்ததும் வாயுவும் தூசியும் சேர்ந்த மேகமான ஓரியன் நெபுலாவைப் படமெடுக்கப் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். எம்42 என்று பட்டியலில் குறிக்கப்படும் இது சுமார் 1,340 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. முழுநிலவைப் போல இரண்டு மடங்கு அகலம் கொண்டது. முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல இலக்கு வானத்தில் இல்லை. வந்த கேள்விகளில் சில இங்கே.

130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம் உள்ள நியூட்டோனியன் (ஆடி வகை) தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நெபுலா தெளிவாகத் தெரிகிறது. டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பொருத்தினால் எவ்வளவு திருகினாலும் மங்கல்தான். கேமராவில் கோளாறா?
– வாசகர், மதுரை

கோளாறு இல்லை. ஒளி குவியும் இடம் கேமராவின் சென்சாரை எட்டவில்லை. கேனான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வாயிலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்தும் டி-ரிங் வளையம் இன்னொரு 11 மி.மீ. சேர்க்கிறது. ஆக 55 மி.மீ. தள்ளி நிற்கிறது சென்சார். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த தொலைநோக்கிகளில் குவியம் அவ்வளவு தூரம் வெளியே வராது.

கேமராத் திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பார்த்தபடி, குவியம் சரிசெய்யும் ஃபோகசரை மெல்ல உள்ளே தள்ளுங்கள். நடுவில் கரும்புள்ளியோடு ஒரு வட்டம் தெரியும். அது சுருங்கிக்கொண்டே வந்து, புள்ளியாவதற்கு முன்பே ஃபோகசர் முட்டி நின்றுவிட்டால் சிக்கல் இதுதான்.

மூன்று வழிகள் உண்டு. நீளமான போல்ட்டும் ஸ்பிரிங்கும் போட்டு, அடியிலுள்ள முதன்மை ஆடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஏற்றலாம். பிறகு ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்த வேண்டும், படத்தின் ஓரம் சற்று இருளவும் கூடும். அடுத்தது குவியத்தூரத்தைக் கூட்டும் 2 மடங்கு பார்லோ லென்ஸ். குவியம் வெளியே வந்துவிடும், ஆனால் குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எஃப்/5 எஃப்/10 ஆகிவிடும். நெபுலாவின் அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஓரியனுக்கு இதை நாங்கள் சொல்லமாட்டோம். மூன்றாவது, ஐபீஸ் இடத்திலேயே செருகும் சிறு வானியல் கேமரா. மடிக்கணினி வேண்டும், ஆனால் குவியத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

என்னுடையது மேல்-கீழ், இட-வலமாக நகரும் கோடூ மவுண்ட் (கணினி இயக்கும் தாங்கி). இலக்கைத் தானே பின்தொடர்கிறது. ஆனாலும் படத்தின் மூலைகளில் விண்மீன்கள் வில்போல வளைகின்றன. நெபுலா தலைக்கு மேல் வரும்வரை காத்திருந்துதான் எடுக்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர்

காத்திருப்பதுதான் தவறு. இந்த வகை மவுண்ட் நெபுலாவைப் படத்தின் நடுவிலேயே பிடித்து வைத்தாலும், வானம் அந்த நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். திரும்பும் வேகம் திசைக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாறும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அது பூஜ்யம். உச்சியை நெருங்க நெருங்கக் கடுமையாகும்.

ஓரியன் நெபுலா நம் ஊரில் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதிக்கிறது. ஜனவரி நடுவில் இரவு 7 மணிக்கு சுமார் 40 டிகிரி உயரத்தில், கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே நிற்கும். அப்போது படம் திரும்புவது மணிக்கு ஆறு டிகிரி அளவுதான். 10 மணிக்கு உச்சியை ஒட்டி வரும்போது அதுவே மணிக்கு ஐம்பது டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே 7 மணிக்கே தொடங்கி, ஒரு படத்துக்கு 15 விநாடி வீதம் 8 மணிவரை எடுங்கள். அந்த நேரத்தில் ஓரியன் படுத்த கோலத்தில் இருக்கும்: இடைப்பட்டையின் மூன்று விண்மீன்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாகவும், சிவந்த திருவாதிரை இடப்பக்கமும், நெபுலா இருக்கும் வாள் பகுதி வலப்பக்கமும் தெரியும்.

ஈக்வடோரியல் மவுண்ட் (அச்சைத் துருவ விண்மீன் பக்கம் நிறுத்தினால் வானத்தோடு சுழலும் தாங்கி) வாங்கினேன். துருவ விண்மீன் இங்கே அடிவானத்தை ஒட்டி இருக்கிறது, எதிரே தென்னை மரங்கள் வேறு. எப்படிச் சரிசெய்வது?
– வாசகர், நாகர்கோவில்

துருவ விண்மீனின் உயரம் ஏறக்குறைய ஊரின் அட்சரேகைதான். சென்னையில் 13 டிகிரி, உங்கள் ஊரில் 8. இந்தத் தாழ்வுக்கு மவுண்டை இறக்கினால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கலாம். இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வடக்கே பார்க்கும்படி முக்காலியைத் திருப்பி வையுங்கள், அல்லது மவுண்டுக்கு அடியில் ஒரு குட்டைத் தூண் கொடுங்கள். வாங்குமுன் மவுண்ட் எத்தனை டிகிரிவரை இறங்கும் என்று கேட்பது நம் மாநிலத்தில் மிக முக்கியம்.

திசைகாட்டியை நம்பி நிறுத்தாதீர்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான். ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முள்ளை அதைவிட அதிகமாக இழுத்துவிடும்.

துருவ விண்மீன் தெரியாவிட்டால் நகர்வைப் பார்த்துச் சரிசெய்யலாம். இடைப்பட்டையின் மேற்கு விண்மீன் மிந்தகா, வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அது உச்சிக்கு வரும்போது கேமராத் திரையில் நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்தியபின் கிழக்கே தாழ்ந்திருக்கும் ஒரு விண்மீனைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. திரையில் எது வடக்கு என்று குழம்பினால் தொலைநோக்கியை வடக்கு நோக்கித் திரும்பும்படி ஒரு தட்டு தட்டுங்கள். புது விண்மீன்கள் எந்த ஓரத்திலிருந்து நுழைகின்றனவோ அதுதான் வடக்கு. அரை மணி நேரம் போகும்; அந்த அரை மணியை மிச்சம் பிடித்தால் இரவு முழுவதும் வீண்.

எத்தனை படம், எவ்வளவு விநாடி? நெபுலாவின் நடுப்பகுதி எப்போதும் வெள்ளையாக வெந்துபோகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் புகைப்படத் தட்டைத் திறந்துவைத்து எடுத்தார். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படம் அது. நமக்கு அந்த 51 நிமிடத்தைத் துண்டு துண்டாக எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதி இருக்கிறது. அடுக்கும் படங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான மாசு) பாதியாகிறது.

எஃப்/5 தொலைநோக்கி, ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 800, ரா வடிவம் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) என்று வைத்துக்கொள்ளுங்கள். நகருக்கு வெளியே 60 விநாடியில் 60 படம் எடுக்கலாம். நகருக்குள் 30 விநாடியில் 120 படம். ஹிஸ்டோகிராமின் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டுக் கால் பங்காவது விலகியிருக்க வேண்டும். பாதியைத் தாண்டினால் தெரு விளக்கைத்தான் படமெடுக்கிறீர்கள்.

நடுவில் டிரபீசியம் எனப்படும் நான்கு இளம் விண்மீன்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள வாயு அத்தனை பிரகாசம். ஒரே எக்ஸ்போஷரில் நடுவும், ஓரத்தில் மங்கலாக விரியும் சிறகும் சேர்ந்து வராது. 5 விநாடியில் தனியாக 20 படம் எடுத்து, அதையும் அடுக்கி, பிறகு லேயர் மாஸ்க் போட்டு நடுவில் மட்டும் சேருங்கள்.

கடைசியாக, சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிப்பதற்காக, மூடியைப் போட்டு, அதே விநாடி, அதே ஐஎஸ்ஓவில் 20 இருட்டுப் படம் எடுங்கள். இதை வீட்டுக்குள் வந்து ஏசி அறையில் எடுத்தால் பயன் இல்லை. சென்சாரின் சூடு மாடியில் இருந்தபடியே இருக்க வேண்டும். அடுக்குவதற்கான டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் மென்பொருள்கள் இரண்டுமே இலவசம்.

படத்தில் வரும் சிவப்பு கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை?
– வாசகர், சேலம்

ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் விடும் ஆழ்ந்த சிவப்பு அது. மங்கலான ஒளியில் வேலை செய்யும் விழிச் செல்களுக்கு அந்தச் சிவப்பு எட்டாது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னுள்ள வடிகட்டியும் அதில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. ஓரியன் பிரகாசமானது என்பதால் இளஞ்சிவப்பாக வந்துவிடும். பக்கத்திலுள்ள குதிரைத்தலை நெபுலாவில்தான் அந்த இழப்பு பளிச்சென்று தெரியும்.

கைப்பேசியால் முடியுமா? மவுண்ட் தானே நகராத, கையால் தள்ளும் டாப்சோனியன் தொலைநோக்கிதான் இருக்கிறது.
– வாசகர், புதுச்சேரி

முடியும். 25 மி.மீ. ஐபீஸ், கைப்பேசியை இறுக்கும் கிளிப், ப்ரோ மோடு. ஐஎஸ்ஓ 1600, அரை விநாடி, 3 விநாடி டைமர். ஒரு விநாடி வைத்தாலே விண்மீன் கோடாகிவிடும். நெபுலாவை விளிம்பில் நிறுத்தி, அது மறு விளிம்புக்கு நகரும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். நூறு படம் சேர்ந்தால் சிறகின் தொடக்கம் வரும்.

அடுக்கிய படத்தில் வடை மாதிரி சாம்பல் வட்டங்கள். என்ன அவை?
– வாசகர், திருச்சி

சென்சார் கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழல். துடைக்க அவசரப்படாதீர்கள். தொலைநோக்கியின் வாயில் வெள்ளைப் பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, விடிந்தபின் வெயில் படாத வானத்தை நோக்கி, ஹிஸ்டோகிராம் நடுவில் வரும்படி 20 படம் எடுங்கள். அடுக்கும்போது மென்பொருள் அவற்றைக் கொண்டு நிழலை நீக்கிவிடும். இரவுக்கும் காலைக்கும் நடுவே கேமராவைக் கழற்றவோ, திருப்பவோ, ஃபோகசைத் தொடவோ கூடாது. ஒரு மயிரிழை திரும்பினாலும் பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் புது வட்டம் ஒன்று முளைக்கும்.