செஸ் ஒலிம்பியாடில் நன்றாக ஆடுபவரையும் ஏன் உட்கார வைக்கிறார்கள்?

ஒலிம்பியாட் என்பது நாடுகளின் அணிகள் மோதும் போட்டி. ஓர் அணியில் 5 பேர் உண்டு. ஒரு சுற்றில் ஆடுவது 4 பேர்தான். மீதமுள்ளவருக்கு அன்று ஓய்வு. அது யார் என்பதைக் கேப்டன் முடிவு செய்கிறார்.

முதல் காரணம் களைப்பு. மொத்தம் 11 சுற்று, ஓர் ஆட்டமே நாலைந்து மணி நேரம் இழுக்கும்.

அப்புறம் இருப்பதுதான் நுட்பமான கணக்கு. 5 பேரின் வரிசையைப் போட்டிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. டிக்கெட் வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர்கள் ஓரடி முன்னே வருவார்களே, அதே மாதிரிதான். வரிசைப்படி முதல் பலகையில் ஆடுபவர் ஓய்வெடுத்தால் இரண்டாமவர் அந்த இடத்துக்கு ஏறுவார். 1, 3 பலகைகளுக்கு ஒரு நிறம், 2, 4 பலகைகளுக்கு மற்ற நிறம் என்பதால், நகர்ந்தவருக்குக் காயின் நிறமும் மாறிவிடும். கறுப்பில் திணறுகிற ஒருவருக்கு வெள்ளை கிடைக்கட்டும் என்று மேலே இருப்பவருக்கு ஓய்வு கொடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஓய்வு என்றால் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2024 புடாபெஸ்டில் ஒரு சுற்று ஆடாத இந்திய வீரர் குகேஷ், 10 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து, முதல் பலகையில் ஆடியவர்களில் சிறந்தவருக்கான தங்கத்தையும் வென்றார்.