சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் நாலு மணி நேரம், நாலேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரம்கூட வராதே என்று தோன்றும், ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, சிங்கப்பூர் சாங்கி கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பாதீர்கள். சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் காலை 5.45க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். ஆறே முக்கால் மணி நேரம் இல்லை, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 9.45க்கே இறங்கிவிடலாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று: 14ஆம் தேதி 12.20 என்று இருந்து, அது நள்ளிரவு விமானமாக இருந்தால், 13ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் சித்தி 14ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்று, அழுதுகொண்டே திரும்பி வந்தார்.